பூச்சிமருந்துக் கடையில் நூல் பூச்சி

பூச்சிமருந்துக் கடையில் பூச்சிமருந்து வாங்குவது இவ்வளவு சிரமமான காரியமாக இருந்ததை நான் திருச்சுழியில்தான் பார்த்தேன்.

அப்போது அதே கட்டடத்தில், அந்தக் கடையோடு ஒரு சுவரைப் பங்கிட்டுக்கொண்டு, நான் ஜெராக்ஸ் கடை நடத்தினேன். தாலுகா ஆபீஸை ஒட்டி வேறு ஜெராக்ஸ் கடைகள் இருந்ததால் வாடிக்கையாளர்கள் என் வாசிப்புக்கு இடைஞ்சல் செய்ததே இல்லை. கனமான புத்தகங்களாக எடுத்துவைத்துக்கொண்டு உலகத்தைப் பற்றிய கருத்துகளைச் சேர்த்துக்கொண்டிருந்தேன். உலகம் சுவருக்கு அந்தப் பக்கம் நடந்துகொண்டிருந்தது.

அது நீளமான ஒற்றை அறை. நடுவில் ஒரு பழைய சேலையைத் திரையாகக் கட்டியிருந்தார்கள். முன்பாதியில் கடைக்கார அண்ணன் மருந்துப் புட்டிகளோடு உட்கார்ந்திருப்பார். பின்பாதியில் அவர் மனைவி, ஜாக்கெட்டுக்கு எம்பிராய்டரி போடுவார். எல்லோருக்கும் அவர் அக்கா. எனக்கும் அக்கா.

காடு கரையில் பாடுபடுகிற ஒரு சம்சாரி வருவார். "அண்ணே, பருத்தியில பூச்சி. நல்லாக் காரமா ஒரு மருந்து குடுங்க."

அண்ணன் எழுந்து அலமாரிப் பக்கம் கையை நீட்டுவார். அப்போது திரைக்குப் பின்னால் மெஷின் சத்தம் நிற்கும். அது நின்றால் அண்ணனின் கையும் பாதியில் நிற்கும்.

"என்ன பூச்சி?"

"பூச்சிதாங்க்கா."

"ஆஸ்பத்திரிக்குப் போயி நோவுன்னு மட்டும் சொன்னா ஊசி போட்டுருவாகளா? றெக்கை இருந்துச்சா? இலைக்கு மேல இருந்துச்சா, அடியில இருந்துச்சா?"

"அதெல்லாம் ஆரு பாத்தா? செடியில இருந்துச்சு."

"பூச்சியக் காமி. அப்புறம் மருந்து."

சிலர் திரும்பிப் போய், பிளாஸ்டிக் பையிலோ தீப்பெட்டியிலோ பிடித்துவருவார்கள். பலர் நேரே பஸ் ஸ்டாண்டுப் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார்கள். அங்கே எதையும் காட்ட வேண்டியதில்லை. அண்ணன் கோபப்படுகிறவர் இல்லை. ஈரத்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் எட்டிப் பார்ப்பார். "தம்பி, ஊருல பொண்டாட்டிக வியாபாரத்துக்கு ஒத்தாசை பண்ணுவாகன்னு கேள்விப்பட்டிருக்கேன். நீ படிச்சவன். எந்த ஊருன்னு தெரியுமா?"

ஒருநாள் அக்கா கையில் தீப்பெட்டியோடு என் கடைக்கு வந்தார். "தம்பி, இதப் பெருசாக்கிக் குடு."

திறந்தேன். உள்ளே கறுப்பாக, முதுகெல்லாம் முள்ளாக, இடையிடையே ஆரஞ்சுத் திட்டோடு, சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னதாக ஒரு முதலை.

"அக்கா, இது உசுரோட இருக்கு."

"செத்ததப் பெருசாக்கி என்ன செய்ய? காலு மடங்கிப் போகும்."

கண்ணாடியில் அதை விட்டு, மேலே வெள்ளைத் தாளைக் காற்றில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பொத்தானை அமுக்கினேன். வெளிச்சம் ஓடிய திசையிலேயே அதுவும் ஓடியது. தாளில் ஒரு கரிக்கோடு விழுந்தது. மறுபடி, மறுபடி. கடைசியில் ஆறு காலும் தெரிகிற மாதிரி ஒரு படம் கிடைத்தபோது அக்கா அதை வெயிலில் காட்டிப் பார்த்து, "இது போதும்" என்றார். புழுவைத் தீப்பெட்டியில் போட்டுக்கொண்டார். அதன் பிறகு நான் எடுத்த ரேஷன் கார்டு நகலில் குடும்ப உறுப்பினர் ஒருவர் கூடுதலாக இருந்தார். தீப்பெட்டி மூலையில் நான் கவனிக்காத இன்னொன்று இருந்து, கண்ணாடியில் தங்கிவிட்டது போல.

அது பொறிவண்டின் குஞ்சு என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. சிவப்பு முதுகில் கறுப்புப் புள்ளி வைத்த அந்த வண்டை எல்லோரும் பார்த்திருப்போம், அழகு என்றும் சொல்லியிருப்போம். அது பிறக்கும்போது இந்த லட்சணத்தில் இருக்கிறது. வண்டும் குஞ்சும் சேர்ந்து பருத்தியில் அப்பிச் சாற்றை உறிஞ்சுகிற அசுவினிப் பூச்சியைத் தின்று தீர்க்கும். சம்சாரிகள் வண்டை விட்டுவிடுவார்கள். குஞ்சைப் பார்த்ததும் மருந்துக் கடைக்கு ஓடுவார்கள்.

"நல்ல புழுவுக்குத்தான் மருந்தடிக்கிறாக. செடிய மொய்க்கிறத விட்டுட்டு, மொய்க்கிறதத் தின்ன வந்ததக் கொல்றாக" என்றார் அக்கா.

"படத்தையே கடையில ஒட்டிவைக்கலாமேக்கா?"

"ஒட்டிப் பாத்தாச்சு. அதுல சாஞ்சுக்கிட்டுத்தான் நிக்கிறாக. கையில குடுத்தாத்தான் திருப்பித் திருப்பிப் பாப்பாக. செத்த பூச்சியக் குடுத்தாப் பொடியாப் போகுது, எறும்பு இழுத்துட்டுப் போகுது. அதான், நூல்ல செய்யப் போறேன்."

துணியில் பூச்சி போடுவது பெரிய வித்தையில்லை. துணியே இல்லாமல் போடுவதுதான் சங்கதி. மதுரையிலிருந்து கண்ணாடித்தாள் மாதிரி ஒன்று வாங்கிவந்திருந்தார். தண்ணீரில் போட்டால் கரைந்துபோகும். அதை வளையத்தில் இறுக்கி, அடியில் என் ஜெராக்ஸை வைத்துப் படத்தை வரைந்துகொண்டு, அதன்மேல் மெஷினை ஓட்டி நூலாலேயே நிரப்ப வேண்டும். முடிந்ததும் தண்ணீரில் போட்டால் தாள் போய்விடும், நூல் பூச்சி தனியாக நிற்கும். நிற்க வேண்டும்.

கை பழக முதலில் செய்தது ஒரு தட்டான். அண்ணன், நான், டீக்கடைக்காரர் எல்லோரும் சுற்றி நின்றோம். அக்கா அதைக் கிண்ணத்தில் இட்டார். தாள் கரைந்தது. தட்டானும் கரைந்தது. றெக்கை இருந்த இடத்தில் சிக்குப்பிடித்த நூல் மிதந்தது.

"இட்லிக்குள்ள விழுந்த தலைமுடி மாதிரி இருக்கு" என்றார் டீக்கடைக்காரர்.

அக்கா நூலை வெளியே எடுத்து விரலில் பிரித்துப் பார்த்தார். "ஒரு கோடு இன்னொரு கோட்டக் கடிச்சிருக்கணும். நான் பக்கத்துல பக்கத்துல ஓட்டிட்டேன். தொட்டுக்கிட்டு இருந்தாப் பத்தாது போல."  அடுத்த தாளை வளையத்தில் மாட்டினார். அந்த மாதம் எங்கள் தெருவில் தட்டான்கள் கிண்ணம் கிண்ணமாகச் செத்தன.

தண்ணீர் இன்னொரு பிரச்சனை. எங்கள் ஊர் போர்த் தண்ணீரில் அலசினால் உப்பு வெள்ளையாகப் படிந்து தட்டானுக்கு நரை விழுந்துவிடும். ஆகவே குடிக்க வாங்குகிற கேன் தண்ணீரில்தான் குளிப்பாட்டு. "மனுசன் உப்புத்தண்ணியில குளிக்கிறேன். பூச்சிக்குக் கேன் தண்ணி" என்பார் அண்ணன். அவரே இன்னொன்றும் சொல்வார். "நான் கொல்லுறேன், இவ பெத்துப் போடுறா. ஊருக்குப் பூச்சி குறையவே குறையாது."

தாள் கரைந்து பசையாகும், அந்தப் பசையை எவ்வளவு விடுவது என்பதிலும் கணக்கு இருந்தது. சுத்தமாக அலசிவிட்டால் றெக்கை துவண்டுவிடும். கொஞ்சம் பசை மீதம் விட்டுக் காயவைத்தால் விறைப்பாக நிற்கும். கம்பி வைத்துக் கட்டலாமே என்று நான் சொன்னபோது அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். "தட்டானுக்குள்ள கம்பியா இருக்கு?"

இந்தப் பிடிவாதம் சொந்தத் தொழிலிலும் காலை வாரியது. அருப்புக்கோட்டையிலிருந்து ஒரு கல்யாண வீட்டு அம்மா வந்தார். ஜாக்கெட்டின் முதுகு முடிச்சில் இரண்டு வண்ணத்துப்பூச்சி தொங்க வேண்டும் என்றார். செய்து வைத்திருந்ததைப் பார்த்ததும் முகம் சுருங்கியது.

"காலெல்லாம் எதுக்குங்க? அசிங்கமா இருக்கே. றெக்கை மட்டும் அழகாப் போடுங்களேன்."

"காலு இல்லாட்டி எங்கிட்டு உக்காரும்?"

"அது எதுக்குங்க உக்காரணும்? எம் மக முதுகுலதான தொங்கப் போகுது?"

"ஒங்க மகளுக்குக் காலு இருக்குல்ல? அது மாதிரிதான்."

அந்த அம்மா கோபித்துக்கொண்டு போய்விட்டார். ஆனால் மணப்பெண் தனியாக வந்து, காலோடேயே வாங்கிக்கொண்டு போனாள். அந்தக் கல்யாண வாழ்க்கை நன்றாக இருக்கும் என்று எனக்குத் தோன்றியது.

இப்போது மில்லுக்காரர் விஷயத்துக்கு வருகிறேன். நூல் மில்லில் வேலை பார்த்தவர் என்பதால் அந்தப் பேர். அவருடைய அப்பா காலம்வரை பிறர் காட்டில் களை எடுத்த குடும்பம். மில் வேலையை விட்டுவிட்டு, மனைவியின் தோட்டை அடகு வைத்து, முதல்முறையாகத் தன் பொறுப்பில் கொஞ்சம் கரிசலைக் குத்தகைக்குப் பிடித்துப் பருத்தி போட்டிருந்தார். அந்தச் செடி போனால் மறுபடி ஷிப்டுக்குப் போக வேண்டியதுதான். பழைய இடத்தில் சேர்த்துக்கொள்வார்களா என்பதும் நிச்சயமில்லை.

அவர் ஒரு டிபன் டப்பாவோடு கடைக்கு வந்தபோது அக்கா நூல் வாங்க அருப்புக்கோட்டை போயிருந்தார். "செடி பூரா முள்ளுப் புழு, அண்ணே. ராவோட ராவா வந்துருச்சு" என்று அண்ணனிடம் டப்பாவைத் திறந்து காட்டினார். மெஷின் சத்தம் இல்லாத கடையில் அண்ணனுக்குக் கை தாராளமாக நீண்டது. மருந்தைக் கொடுத்து அனுப்பிவிட்டார். டப்பா மேஜையில் தங்கிவிட்டது.

பஸ்ஸை விட்டு இறங்கி வந்த அக்கா டப்பாவைத் திறந்தார்.

"இது ஆரு காடு?"

அண்ணன் சொன்னார். மருந்து கொடுத்ததையும் சொன்னார். பொய் சொல்லத் தெரியாதவர்.

"ஒங்களுக்குத் தெரியாதா, இது என்னன்னு?"

"தெரியும்மா. அவன் நின்ன நெலையப் பாத்தா, எனக்கு ‘இல்ல’ன்னு சொல்ல வாய் வரல."

அக்கா உள்ளே போய், முந்தைய நாள் செய்து காயவைத்திருந்த நூல் புழுவை எடுத்துக்கொண்டார். உள்ளங்கை நீளத்துக்குப் பெரிதாக, கறுப்பு நூலில், முள்ளும் திட்டும் ஆறு காலுமாக அசல் முதலைக்குட்டி. "தம்பி, வண்டிய எடு" என்றார். கருத்துகள் நிறைய வைத்திருக்கும் மனிதனுக்கு எப்போதும் மொபெட் ஓட்டுகிற வேலைதான் கிடைக்கும். எடுத்தேன்.

நாங்கள் போனபோது, முதுகில் மோட்டாரைக் கட்டிய மருந்தடிப்பவர் பாதிக் காட்டை முடித்திருந்தார். அக்கா நேரே நடந்துபோய் அடுத்த வரிசையின் தலைமாட்டில் நின்றுகொண்டார்.

"ஏக்கா, மருந்து மேல படும், தள்ளுங்க" என்றார் அவர்.

"படட்டும்."

மில்லுக்காரர் ஓடிவந்தார். அக்கா நூல் புழுவை அவர் கையில் வைத்தார். "இதுதான ஒஞ் செடியில இருக்கிறது? இதுதான் பொறிவண்டாகும். இது ஒரு நாளைக்குத் திங்கிற அசுவினிக்கு அளவு கெடையாது. இதக் கொன்னுட்டு எத வச்சு அசுவினிய அடக்குவ?"

அவர் அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். "அக்கா, இது நூலு. நீங்க வண்டாகும்னு சொல்றீக. நான் பாக்குறது புழு. புழுன்னாப் புழுதான?"

"பாதி அடிச்சிட்ட. மிச்சப் பாதிய விட்டுரு. அடுத்த சந்தை வரைக்கும் பொறு."

"போச்சுன்னா?"

அக்கா யோசிக்கவே இல்லை. "போச்சுன்னா, என் மெஷினத் தூக்கிட்டுப் போ."

அது அவர் பிறந்த வீட்டிலிருந்து வந்த மெஷின். மில்லுக்காரர், வரப்பில் நின்ற தன் மனைவியைப் பார்த்தார். மருந்தடிப்பவர் மோட்டாரை நிறுத்தினார். 

"சரி, விடுறேன்" என்றார் மில்லுக்காரர். கொஞ்சம் தயங்கி, "இத நானே வச்சுக்கிறட்டுமாக்கா?" என்று நூல் புழுவைக் காட்டினார்.

திரும்பும் வழியெல்லாம் அக்காவுக்கு அதுதான் சந்தோஷம். "பாத்தியா தம்பி? கையில குடுத்தா வாங்கி வச்சுக்கிறாக. இனி செடியோட வச்சு ஒப்பிட்டுப் பாப்பாரு."

அடுத்த சந்தை வரைக்கும் அண்ணனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அக்கா திரைக்குப் பின்னால் மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.

"போகப் போற மெஷினுக்கு எண்ணெய் எதுக்கு?"

"போகாது."

மில்லுக்காரர் வந்தார். மனைவியோடு வந்தார். பின்னால் எனக்குத் தெரியாத ஆட்களும் வந்தார்கள். அடித்த பாதியில் மறுபடி அசுவினி அப்பி இலையெல்லாம் பிசுபிசுவென்று கிடக்கிறதாம். அடிக்காத பாதி துடைத்துவிட்ட மாதிரி இருக்கிறதாம். அண்ணன் இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அக்கா திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தார். அவர் முழுச் சிரிப்பாகச் சிரித்ததை அன்று ஒருமுறைதான் பார்த்தேன். அதுவும் நீடிக்கவில்லை.

"எல்லாம் ஒங்க பொம்மையாலதாங்க்கா" என்றார் மில்லுக்காரர். "குச்சி நட்டு, நடுக்காட்டுல கட்டிவிட்டேன். ராவுல அது உசுரோட திரியுது."

"என்னது?"

"சாமி சத்தியமா. சாயங்காலம் வெறச்சுக்கிட்டு நிக்கும். காலையில பாத்தாத் தலையத் தொங்கப் போட்டுக்கிட்டு இருக்கும், தின்ன களைப்புல. வெயிலேற மறுபடி வெறச்சுக்கிரும், வேற பக்கம் பாத்துக்கிட்டு. நானும் பாத்தேன், இவளும் பாத்தா."

"அது பசைப்பா! பனியில பசை ஊறித் துவளுது, வெயில்ல காயுது. தின்னது அது இல்ல, செடியில இருந்த உசுருப் புழு!"

பின்னால் நின்ற ஆட்கள் பக்தியோடு தலையாட்டினார்கள். ஒருவர் கேட்டார். "எங்க காட்டுக்கும் ஒண்ணு கட்டணும்க்கா. மொளகாய்க்கும் கேக்குமா?"

அக்கா எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு மெஷினை மூடிப் போட்டார். பூச்சியைச் சரியாகப் பார்க்கவைக்கத்தான் இத்தனை பாடு. கடைசியில் அதையே சாமியாக்கிவிட்டார்கள். ஒரு கால் குறைவாக ஒரு வண்டுகூடச் செய்ய மாட்டாத மனுஷி இதை எப்படிச் செரிப்பார்? அண்ணன் சும்மா இருக்காமல், "தாயத்து வியாபாரத்துல முதலே கெடையாது" என்று சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டார்.

மில்லுக்காரரின் மனைவி மட்டும் போகாமல் படியில் நின்றிருந்தார். அதுவரை அவர் பேசி நான் கேட்டதில்லை.

"கோவிச்சுக்கிறாதீகக்கா. செடி வாடுறப்பச் சும்மா உக்காந்திருக்க முடியல. எதையாச்சும் செய்யணும்ல? அவுக மருந்தடிப்பாக, நான் நேந்துக்குவேன். நீங்க ஒண்ணும் செய்யாதன்னு சொல்லிட்டீக. அதுதான் ரெண்டு பேருக்கும் முடியல. கட்டுனப்புறந்தான் தூங்குனோம்."

 அன்றும் மறுநாளும் மெஷின் ஓடவில்லை. சுவருக்கு இந்தப் பக்கம் அமைதியாகப் படிக்கலாம் என்று உட்கார்ந்தேன். ஒரு பக்கம்கூட நகரவில்லை.

பிறகு ஒரு காலையில் சத்தம் கேட்டது. கடகடவென்று, இடைவிடாமல். எட்டிப் பார்த்தேன். வளையத்தில் கறுப்பு நூல். பக்கத்தில் காய்கிற தட்டில் முள்ளுப் புழுக்கள் வரிசையாக.

மிளகாய்க்குக் கேட்ட ஆள்தான் முதலில் வந்தார். அக்கா ஒன்றை எடுத்து அவர் கையில் வைத்தார். அவர் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"கட்டுனாப் பூச்சி வராதுல்லக்கா?"

அண்ணன் புட்டி துடைப்பதை நிறுத்தினார். நான் வாசலில் நின்றேன். அக்கா இனி என்ன சொல்லப் போகிறார் என்பதில் எனக்கு ஒரு பயமே இருந்தது.

"வரும்" என்றார் அக்கா.

"அப்புறம் எதுக்கு இது?"

"இதக் குச்சியில கட்டக் கூடாது. வெயில் ஏறுறதுக்கு முன்னாடி, கையில எடுத்துக்கிட்டு வரிசை வரிசையாப் போகணும். இலையத் திருப்பி அடியில பாக்கணும். இதே மாதிரி உசுரோட எத்தன இருக்குன்னு எண்ணணும். தெனமும். எண்ணி முடிக்காம மருந்து டப்பாவத் தொடக் கூடாது."

"தொட்டா?"

"செத்துரும்."

அவர் முகம் வெளிறியது. "ஆரு?"

"எண்ணுனதெல்லாம்."

"ஒண்ணுகூட இல்லாட்டி?"

"இங்க வா. இல்லைன்னு சொல்லு. அப்பப் பேசலாம், மருந்தா என்னன்னு."

"வெறும் வயித்துல எண்ணணுமா, சாப்பிட்டுட்டா?"

"ஒன் இஷ்டம். செருப்புப் போட்டுட்டுப் போ, முள்ளுக் கெடக்கும்."

நான் மனசுக்குள் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் கிடையாது. மிளகாய்க்காரர் கிளம்பும்போது அக்கா மறுபடி கூப்பிட்டார். "காலு ஆறு. முள்ளு வரிசை பாத்துக்க. இது மாதிரியே இருந்தாத்தான் கணக்கு. வேற புழுவச் சேத்து எண்ணிராத."

அந்தத் தை மாதத்தில் நான் நரிக்குடிப் பக்கம் ஒரு துக்க வீட்டுக்குப் போய்விட்டு மொபெட்டில் திரும்பினேன். சூரியன் அப்போதுதான் எட்டிப் பார்த்திருந்தது. மில்லுக்காரர் காட்டில் அவரும் மனைவியும் ஆளுக்கொரு வரிசையில் குனிந்து, கையில் நூல் புழுவோடு இலை இலையாகப் புரட்டிக்கொண்டிருந்தார்கள்.

"எட்டு" என்றார் அவர்.

"ஒம்பது. அந்தச் செடியில கூடு கட்டிருச்சே, அது எண்ணுல வராதா?"

"கூடு கட்டுனா அது புழுவா, வண்டா?"

"நீங்கதான புழுன்னாப் புழுதான்னு சொன்ன ஆளு. இங்கிட்டு வந்து பாருங்க. தோலு பிரியுது."

அவர் வரப்பைத் தாண்டி மனைவி பக்கம் போய் உட்கார்ந்தார். நானும் வண்டியை நிறுத்திவிட்டு, மெதுவாகப் போய் அவர் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தேன். இலையடியில் எதுவோ அசைந்தது. வாய் சும்மா இருக்காதே, பொறிவண்டின் பிறவி மாற்றத்தைப் பற்றிப் படித்தது ஒன்றைச் சொல்ல ஆரம்பித்தேன்.

அவர் தலையைத் தூக்கவில்லை. கையை மட்டும் பின்னால் வீசினார்.

"தள்ளி நில்லுங்கண்ணே. நெழலு விழுகுது."